கேட்டுவிட்டுக் காத்திரு

நொச்சிக்குப்பம்,
9 ஆகஸ்ட் 2025

என் தங்கை மகள், வருங்காலப் பேராசிரியை எஸ்தருக்கு மாமன் லாசர் எழுதுவது. கடல் சௌக்கியம், காற்று சௌக்கியம், மீனுக்குத்தான் கொஞ்சம் பஞ்சம்.

நீ என் போனை எடுப்பதில்லை. ‘நீங்கள் அழைக்கும் நபர்’ என்று சொல்கிற பெண்தான் எடுக்கிறாள். இப்போது அவளும் நானும் நல்ல பழக்கம். அவள் குரலில் சளி இருக்கிறது, மிளகு ரசம் வைத்துக் குடிக்கச் சொன்னேன். ஆகவே கடிதம். எனக்கு எழுத வராது என்று நினைக்காதே. ஏழாம் வகுப்பை ஊரில் எல்லாரும் ஒரு தடவை படித்தார்கள், நான் இரண்டு தடவை படித்தேன். அந்தக் கணக்கில் நான் பதினாலு.

முத்தம்மா உன் விடுதித் தெருவில்தானே மீன் விற்கிறாள். அவள் கூடையில் வைத்து அனுப்புகிறேன். “இன்னாண்ணே, தபால் ஆபீஸ் வேலையும் என் தலைலதான் கீதா?” என்றாள். “கூடையே கீது, ஒரு காயிதம் இன்னா கனம் கனக்கப்போவுது?” என்றேன். அடையாறு முழுக்கச் சிரிக்கும்படி ஒன்று சொன்னாள், அதைக் கடிதத்தில் எழுத முடியாது.

உன் வகுப்பைப் பற்றிக் குப்பம் முழுவதும் பேச்சு. எல்லாம் பெருமையான பேச்சு. நீ கோபப்பட்டுப் போனது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நீதானே வீட்டுக்கு வந்தபோது, ‘சனிக்கிழமை வகுப்பு மாமா, கட்டாயம் இல்லை, ஒருத்தரும் வரமாட்டாங்க, வந்தாலும் வாயத் திறக்கமாட்டாங்க’ என்று கண் கலங்கினாய்? முப்பது வருஷம் மணலில் நின்று மீன் ஏலம் கூறியவன் நான். வஞ்சிரத்தைக் கொட்டி வைத்தால் முதலில் எவனும் வாய் திறக்கமாட்டான். எல்லாருக்கும் ஆசை இருக்கும். முதலில் திறந்தவன் ஏமாளி என்று பயமும் இருக்கும். அதற்காகவே கூட்டத்துக்குள் நம்ம ஆள் ஒருவனை நிறுத்தி வைப்போம். அவன் ஒரு விலை சொன்னால் போதும், மற்ற வாயெல்லாம் தானாகத் திறக்கும். மீனுக்கே இந்த ஏற்பாடு வேண்டியிருக்கிறது, படிப்புக்கு வேண்டாமா?

அதனால்தான் பக்கத்து வீட்டு நந்தகுமார் லோடு ஆட்டோவில் நம்ம ஆட்களை ஏற்றிக்கொண்டு சைதாப்பேட்டைக்கு வந்தேன். எல்லாரும் குளித்து, பவுடர் போட்டு, ஒருத்தன் டை கூடக் கட்டியிருந்தான். நீ வீட்டில் சத்தம் போட்டு ஒத்திகை பார்த்ததை நான் கேட்டு வைத்திருந்தேன் அல்லவா, அதைவைத்து ஆளுக்கு ஒரு பதில் சொல்லிக்கொடுத்தேன். நந்தகுமார் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டான். அது அவன் சுபாவம், ஆட்டோவையும் அப்படித்தான் ஓட்டுவான்.

இங்கே வீடு ஜேஜே என்று இருக்கிறது. காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம், உட்கார இடமில்லை. உன் அத்தை பாண்டிச்சேரியில் பேரனோடு இருக்கிறாளே, அடுத்த வாரம் வந்துவிடுவாள்.

முதல் வரிசையில் உட்கார்ந்து உன் வகுப்பை அழகு செய்த
லாசர் மாமன்


அடையாறு,
14 ஆகஸ்ட் 2025

மாமா,

கடிதம் வந்தது, சங்கரா மீன் வாசனையோடு. என் அறைத்தோழி எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள்.

நந்தகுமார் அண்ணன் அவசரப்பட்டார் என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். நடந்ததை நான் எழுதுகிறேன். முதல் கேள்வி சும்மா ஒரு கேள்வி: ‘கடைசியாக எப்போது மின்னலைப் பார்த்தீர்கள்?’ அவ்வளவுதான். அவர் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, “ஒலியை விட ஒளிக்கு வேகம் அதிகம் மேடம்!” என்று கத்தினார். நான் இன்னும் கேட்காத மூன்றாவது கேள்விக்கு அது பதில். பின்னால் இருந்து டை கட்டினவர், “டேய், அது என்னுதுடா!” என்றார். நீங்கள் கை தட்டினீர்கள்.

சூடாமணி மேடம்தான் எங்களுக்குக் கற்பிக்கச் சொல்லித்தருகிறவர். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு எல்லார் முன்னாலும் கேட்டார்: “எஸ்தர், இவங்க உங்க மாணவர்களா, ரசிகர் மன்றமா?” நான்தான் ஏற்பாடு செய்தேன் என்று நினைத்துவிட்டார். நிஜ மாணவர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் சிரித்தார்கள். கடைசி வரை வாய் திறக்கவில்லை.

இது என்ன பயிற்சி என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை, சொல்கிறேன். ஆராய்ச்சி முடிக்கப்போகிறவர்களுக்கு, கல்லூரியில் பாடம் நடத்துவது எப்படி என்று கற்றுத்தருகிறார்கள். இயற்பியல் தெரிந்தால் இயற்பியல் நடத்தத் தெரியும் என்று அர்த்தமில்லை. கடைசியில் நிஜ மாணவர்களுக்கு ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். அதில் தேறினால்தான் இந்தக் கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு என் பெயர் போகும். என் வகுப்பு செல்லாது என்று எழுதிவிட்டார்கள். இன்னொரு வாய்ப்பு செப்டம்பர் 20, சனிக்கிழமை. அதற்குமேல் வாய்ப்பு இல்லை.

அன்று நீங்கள் வரக்கூடாது. யாரையும் அனுப்பவும் கூடாது. போனும் வேண்டாம். போனில் நீங்கள் பேசினால் என்னால் ‘ம்’ மட்டும்தான் சொல்ல முடியும். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

அத்தை எப்போது வருகிறார்? ஈஸ்டரிலிருந்து ‘அடுத்த வாரம்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

எஸ்தர்


நொச்சிக்குப்பம்,
19 ஆகஸ்ட் 2025

அன்புள்ள எஸ்தருக்கு,

வராதே என்றாய், வரமாட்டேன். லாசர் வாக்கு கொடுத்தால் கடலே கேட்கும். ஆனால் புத்தி சொல்லக்கூடாது என்று நீ எழுதவில்லை.

உங்கள் மேடத்துக்கு அனுபவம் எத்தனை வருஷம்? ஒருமுறை துறைமுகத்தில் ஒரு வெளிநாட்டுக் கேப்டன், ஏழடி உயரம், தாடி மட்டுமே இரண்டடி, அவனுக்கு நம்ம கடலின் நீரோட்டத்தை நான் சொல்லிக்கொடுத்தேன். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவன் பாஷை தெரியாது. பாடம் முடிந்ததும் அழுதுவிட்டான். அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், கற்பிப்பது என்பது முழுக்கத் தொண்டையில்தான் இருக்கிறது. சத்தம் போடு. கடைசி பெஞ்சில் தூங்குபவன் வீட்டில் அவன் அம்மா முழித்துக்கொள்ள வேண்டும்.

கூட்டத்தை ஒரு நொடிகூட அமைதியாக விடாதே. ஏலத்தில் கூட்டம் அடங்கினால் மீன் நாறிவிட்டது என்று அர்த்தம். கேள்வி கேட்டு எவனாவது முழித்தால் நீயே பதிலைச் சொல்லிவிடு. அவனும் சந்தோஷப்படுவான், உனக்கும் நேரம் மிச்சம். கையில் ஒரு பிரம்பு இருந்தால் நல்லது, அடிக்க வேண்டாம், ஆட்டினால் போதும்.

அத்தையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதைவிடப் பெரிய சேதி, மாடிப்படிக்குக் கீழே பூனை நாலு குட்டி போட்டிருக்கிறது. அதில் சாம்பல் நிறக் குட்டிக்கு உன் பெயரை வைத்தேன். கூப்பிட்டால் அதுவும் வருவதில்லை.

நேற்று ஒரே விருந்தாளிகள். மூன்று கிலோ நெத்திலி வறுத்தும் எனக்கு ஒரு வால்தான் கிடைத்தது.

லாசர் மாமன்


அடையாறு,
26 ஆகஸ்ட் 2025

மாமா,

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. நாங்கள் பாடம் நடத்துவதைப் படம் பிடிப்பார்கள். பிறகு இருட்டறையில் உட்காரவைத்து நம்மை நமக்கே காட்டுவார்கள். நேற்று என் முறை.

திரையில் நான் கேள்வி கேட்கிறேன். மூச்சை இழுத்து விடுவதற்குள் நானே பதில் சொல்கிறேன். அடுத்த கேள்வி, அதற்கும் நானே பதில். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் அவர் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு. ஃபைசான் என்று ஒருவன் என்னோடு பயிற்சியில் இருக்கிறான். “யார் மாதிரியோ பண்றியே, யாரது?” என்றான். எனக்குத் தெரியும் மாமா. அது நீங்கள்.

சூடாமணி மேடம் படத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “கேளுங்க. கேட்டுட்டு அப்படியே நில்லுங்க. அந்த அமைதியில அவங்க யோசிக்கிறாங்க. பயப்படறது நீங்கதான். நீங்க பதில் சொல்றது அவங்களுக்காக இல்ல, உங்க பயம் போறதுக்காக.”

இப்போது மாலையில் காலி வகுப்பறையில் ஃபைசானை உட்கார வைத்துப் பழகுகிறேன். கேள்வி கேட்டுவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். விசிறி சுற்றுகிற சத்தம் கேட்கிறது, ரயில் போகிற சத்தம் கேட்கிறது. அவன் வேண்டுமென்றே பதில் சொல்லமாட்டான். என் வாய் தானாகத் திறக்கிறது. “தோத்துட்டே” என்கிறான். இதுவரை ஒருமுறைகூட நான் ஜெயிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதி காலியாகிவிடும். எல்லாருக்கும் போக ஒரு வீடு இருக்கிறது. மெஸ்ஸில் நான் ஒருத்திதான். அப்போது உங்கள் சத்தம் கேட்டால் தேவலை என்று இருக்கிறது. இதை எழுதலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன்.

அத்தையைப் பற்றிய கேள்வியைப் பூனை தின்றுவிட்டது. மறுபடி கேட்கிறேன். எப்போது வருகிறார்?

எஸ்தர்


நொச்சிக்குப்பம்,
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள எஸ்தருக்கு,

உன் கேள்விக்குச் சுடச்சுடப் பதில். அத்தை வந்துவிட்டுப் போனாள்!

வெள்ளிக்கிழமை பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றம் அல்லவா. குப்பத்திலிருந்து இருபது பேர், இல்லை, முப்பது பேர் இருக்கும், பட்டினப்பாக்கம் வழியாகப் பாலம் ஏறி நடந்தோம். நடுவில் நான், என் பக்கத்தில் உன் அத்தை, காவிப் புடவையில். காலையில்தான் பாண்டிச்சேரி பஸ்ஸில் வந்து இறங்கினாள். வழியெல்லாம் நான் பேச, அவள் சிரிக்க. “உங்க வீட்டுக்காரர் வாய் இருந்தா மைக் செட்டே தேவையில்ல” என்று மடத்து சிஸ்டர் ஒருவர் அவளிடம் சொன்னார். பேரனுக்குச் சளி என்று போன் வந்தது, அன்று மாலையே திரும்பிவிட்டாள். உன்னைப் பார்க்க முடியவில்லை என்று ஒரே வருத்தம். அடுத்த வாரம் வருவாள்.

வீட்டில் இப்போதுகூட ஆட்கள் கூப்பிடுகிறார்கள், அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

லாசர் மாமன்


அடையாறு,
4 செப்டம்பர் 2025

மாமா,

கொடியேற்றத்துக்கு நானும் வந்திருந்தேன். விடுதியிலிருந்து எத்தனை தூரம்?

மெழுகுவர்த்திக் கடைப் பக்கம் நின்றிருந்தீர்கள். கடைக்காரப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள். அவள் வேறு ஆட்களுக்குச் சில்லறை கொடுக்கப் போய்விட்டாள். நீங்கள் நிறுத்தவில்லை, அவள் இருந்த இடத்தைப் பார்த்துப் பேசினீர்கள். பிறகு சுண்டல் இரண்டு பொட்டலம் வாங்கிச் சுவர் ஓரம் உட்கார்ந்தீர்கள். ஒன்றைச் சாப்பிட்டீர்கள். இன்னொன்றைப் பக்கத்தில் வைத்திருந்தீர்கள்.

கிட்டே வரப் பார்த்தேன். வந்தால், ‘அத்தை இப்பத்தான் அந்தப் பக்கம் போனா’ என்பீர்கள். நானும் ‘ம்’ என்பேன். அதனால் திரும்பிவிட்டேன். அதற்காக அன்று முழுக்க என்மேலேயே கோபம்.

அத்தை வருவாரா, மாட்டாரா?

இந்த ஒரு கேள்விதான். பதிலை நான் எடுத்துக்கொடுக்கப் போவதில்லை. காத்திருக்கிறேன்.

எஸ்தர்


நொச்சிக்குப்பம்,
16 செப்டம்பர் 2025

எஸ்தரு,

எழுதி எழுதிக் கிழித்தேன். ஒன்றில் அத்தைக்குக் கால் சுளுக்கியிருந்தது. இன்னொன்றில் பாண்டிச்சேரி ரோட்டில் வெள்ளம். நல்லாத்தான் வந்தது வெள்ளம், பஸ் கூரை வரைக்கும். முத்தம்மா தினமும் கூடையைத் தூக்கும்போது, “காயிதம் கீதாண்ணே?” என்பாள். “நாளைக்கு” என்பேன். நேற்று, “அந்தப் பொண்ணு தெருமுனையில வந்து நின்னுக்கினு கீது, ஒண்ணும் கேக்கல, என் கூடையப் பாக்குது, போய்டுது. நீ இன்னா மனுசன்?” என்று திட்டினாள்.

வரமாட்டாள்.

சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றால் எனக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். பெட்டி கட்டும்போது சுவரிலிருந்த மாதா படத்தை இறக்கிப் புடவையில் சுற்றினாள். பேரனைப் பார்த்துவிட்டு வரப்போகிறவள் படத்தை எதற்கு எடுக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. வேறு என்னென்னவோ பேசினேன். வாசலில் நின்று சொன்னாள்: “இத்தினி வருசம் நீ பேசினே, நான் கேட்டேன். கொஞ்ச நாளு சும்மா இருக்கணும்யா எனக்கு.” அதற்கும் நான் ஒரு தமாஷ் சொன்னேன். என்ன தமாஷ் என்று நினைவில்லை.

படம் இருந்த இடம் சுவரில் வெள்ளையாகத் தெரிகிறது. அங்கே காலண்டர் மாட்டினேன். காலண்டர் சின்னது.

காலையில் முத்தம்மா வருவாள். மாலையில் டிவி. கூட்டம் என்று எழுதியதெல்லாம் இதுதான். உன் வகுப்புக்கு ஆள் சேர்த்தேனே, ஒத்திகைக்கு எல்லாரும் வந்து கட்டில்மேலும் படிமேலும் உட்கார்ந்தார்கள். “நைனா, இன்னொரு தபா சொல்லு, மறந்துபோவுது” என்றான் நந்தகுமார். டீ போட்டுக்கொண்டே இருந்தேன். அதை உனக்காக மட்டும் செய்தேன் என்றால் அதுவும் கதைதான்.

லாசர்


அடையாறு,
18 செப்டம்பர் 2025

மாமா,

சனிக்கிழமை வாருங்கள். தனியாக. கடைசி பெஞ்சில் உட்காருங்கள்.

என்ன நடந்தாலும் வாய் திறக்கக்கூடாது. நான் கேள்வி கேட்டு, ஒருவரும் பதில் சொல்லாமல், வகுப்பு அப்படியே மூழ்கினாலும் திறக்கக்கூடாது. ஃபைசானிடம் நான் இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். நாளை மறுநாளும் தோற்றால் எல்லாம் முடிந்தது.

ஏன் கூப்பிடுகிறேன் என்று யோசித்தேன். அந்த அமைதி எனக்கு எவ்வளவு கஷ்டமோ, அவ்வளவு கஷ்டப்படுகிற இன்னொரு ஆள் அந்த அறையில் இருந்தால் தேவலை.

எஸ்தர்


நொச்சிக்குப்பம்,
21 செப்டம்பர் 2025

என் எஸ்தருக்கு,

நேற்று நேரில் பேசியிருக்கலாமே, இன்று எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் பேசினால் நான் கெடுத்துவிடுவேன்.

வகுப்பில் ஐந்நூறு பேர் இருந்தார்கள். சரி, இருபது பேர். நீ மேசைமேல் கண்ணாடிப் பாத்திரம் வைத்து, தண்ணீரில் ஒரு பனிக்கட்டியை மிதக்கவிட்டு, பிறகு விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினாய். “இது உருகினா தண்ணி மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா? ஏன்?” என்றாய். பிறகு நிறுத்திவிட்டாய்.

எஸ்தரு, நான் புயலில் மாட்டியிருக்கிறேன். அதைவிட இது மோசம். ஒருவரும் அசையவில்லை. ஒரு பையன் பேனா மூடியைக் கடித்தான். உன் விரல் மேசை விளிம்பை அழுத்திய அழுத்தில் நகம் வெளுத்தது, கடைசி பெஞ்சிலிருந்தே தெரிந்தது. சூடாமணி மேடம் உன்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். உன் வாய் லேசாகத் திறந்தது. ‘போச்சு’ என்று நினைத்தேன். மூடிக்கொண்டாய்.

எனக்கோ பதில் தொண்டையில் நிற்கிறது. ஐஸ் பெட்டியோடு பிழைத்தவனுக்கு இதுகூடத் தெரியாதா, ஏறும்! ஏறி வழியும்! பெஞ்சுக்கு அடியில் என் கையை நானே பிடித்துக்கொண்டேன்.

ஜன்னலோரப் பெண், இரட்டை ஜடை போட்டவள், யாரையும் பார்க்காமல் சொன்னாள்: “மாறாது மிஸ்.” நீ சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. “ஏன்?” என்று மட்டும் கேட்டாய். மறுபடி நின்றாய். இந்தத் தடவை பேனா மூடிக்காரன், “இல்ல, ஏறும்” என்றான். அவள் சட்டென்று திரும்பி, “ஐஸ் ஏற்கனவே அதோட எடை அளவு தண்ணியைத் தள்ளித்தானேடா மிதக்குது?” என்றாள். அப்புறம் அவர்களுக்குள் ஒரே சந்தைச் சத்தம். நீ ஓரமாக நின்றாய். கடைசியில் பார்த்தால் தண்ணீர் ஒரு சொட்டுகூட வழியவில்லை. நான் கத்தியிருந்தால் குப்பத்துக்கே அவமானம்.

நீ தேறிவிட்டாய் என்று மேடம் கையெழுத்துப் போட்டதை நீ பார்க்கும் முன்னால் நான் பார்த்தேன். வெளியே வந்து, “நீங்கதான் அந்த மாமாவா?” என்று என்னைக் கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். வாய் திறக்கக்கூடாது என்று எழுதினாயே தவிர எதுவரைக்கும் என்று எழுதவில்லை. சைதாப்பேட்டை ஸ்டேஷன் வரை நீயும் நானும் பேசாமலே நடந்தோம். நந்தகுமார் பார்த்திருந்தால், “இன்னா நைனா, வாயில கொழுக்கட்டையா?” என்றிருப்பான்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். பூனைக்குச் சோறு வைத்தேன். பிறகு பாண்டிச்சேரிக்குப் போன் போட்டேன். அத்தைதான் எடுத்தாள். உன் வேலையைப் பற்றிச் சொல்லவில்லை, வகுப்பைப் பற்றிச் சொல்லவில்லை, எனக்குக் காய்ச்சல் என்றுகூடச் சொல்லவில்லை.

“எப்படி கீறே?” என்று கேட்டேன்.

கேட்டுவிட்டு, காலண்டர் ஆணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் பேரன் ஏதோ உருட்டினான். குக்கர் விசில் அடித்தது. யாரோ கதவைச் சாத்தினார்கள். எத்தனையோ வந்தது வாய்க்கு. எல்லாவற்றையும் விழுங்கினேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை, எஸ்தரு. போனை வைக்கவும் இல்லை.

லாசர் மாமன்